ஓடமேறிக் காட்டுக்குள்ளே நாலு நாள்!

விடுமுறை என்றால் நம்மில் பலருக்கு ரயில் டிக்கெட், உறவினர் வீடு, கோயில், கொஞ்சம் ஷாப்பிங். கனடாவில் குடியேறிய நம்மவர்களும் அப்படித்தான். நயாகரா நீர்வீழ்ச்சியைப் பார்த்துவிட்டு வந்தால் அவர்களுக்குக் கோடை முடிந்தது! ஆனால் அந்த ஊர்க்காரர்கள் பலர் கோடையில் செய்கிற காரியமே வேறு. நீளமான ஓடம் ஒன்றைக் காரின் தலையில் கட்டிக்கொள்வார்கள். கூடாரம், படுக்கை, சமையல் சாமான் எல்லாவற்றையும் மூட்டை கட்டி ஓடத்தில் ஏற்றி, ரோடு இல்லாத, கரண்ட் இல்லாத, கடை இல்லாத காட்டு ஏரிக்குள் துடுப்புப் போட்டுப் போய், நாலைந்து நாள் தங்கிவிட்டு வருவார்கள். குழந்தை குட்டிகளோடுதான்!

என்ன, கேட்கும்போதே வயிற்றில் புளியைக் கரைக்கிறதா? எனக்கும் கரைத்தது. கும்பகோணத்தில் காவிரிப் படித்துறையில் மூன்றாவது படிக்குக் கீழே இறங்காமல் வளர்ந்தவள் நான். நீச்சல் சுத்தமாகத் தெரியாது. டொரன்டோ நகரின் ஸ்கார்பரோ பகுதியில் குடும்பம் நடத்துகிறேன். 17 வயதில் ஒரு பையன், 11 வயதில் ஒரு பெண். பெரியவன் பள்ளி முகாமில் ஓடம் விடக் கற்றுக்கொண்டு வந்தான். அன்றிலிருந்து வீட்டில் ஒரே பேச்சு. அப்பாவும் தங்கையும் அவன் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். மூன்றுக்கு ஒன்று!

"சரி, வருகிறேன். ஆனால் திட்டம் போடுவது என் பொறுப்பு" என்றேன்.

போய் வந்த பிறகு சொல்கிறேன். இந்தப் பயணத்துக்கு வேண்டிய சாமர்த்தியத்தில் முக்கால் பங்கு நம் கையில் ஏற்கெனவே இருக்கிறது. பத்துப் பேர் வந்தால் எத்தனை ஆழாக்கு அரிசி, கைக்குழந்தையோடு ஊருக்குப் போகும்போது பையில் எதை மேலே வைப்பது, யாருக்கு எப்போது பசிக்கும், யார் முதலில் களைத்துப்போவார்கள் என்றெல்லாம் நமக்குத் தெரியாதா? காட்டுப் பயணத்துக்கும் அதே கணக்குதான். இரண்டே இரண்டு விதிகளை மட்டும் நான் விடாப்பிடியாக வைத்துக்கொண்டேன். ஒன்று, குழுவில் யாருக்குப் பலம் குறைவோ அவரை வைத்துத் திட்டம் போடுவது. இரண்டு, ஒரு நாளை எதற்கும் ஒதுக்காமல் சும்மா விட்டு வைப்பது. இந்த இரண்டாவது விதிதான் எங்களைக் காப்பாற்றியது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

எந்த இடம்? எந்த மாதம்?

நாங்கள் தேர்ந்தெடுத்தது அல்கோன்குவின் பூங்கா. பூங்கா என்றதும் ஊஞ்சலும் சறுக்குமரமும் நினைவுக்கு வருகிறதா? இது 7,600 சதுர கி.மீ.க்கு மேல் பரந்த காடு! 1893-ல் ஒன்டாரியோ மாகாண அரசு இதைப் பாதுகாக்கப்பட்ட காடாக அறிவித்தது. உள்ளே 1,500 ஏரிகளுக்கு மேல் இருக்கின்றன. டொரன்டோவிலிருந்து காரில் மூன்று, மூன்றரை மணி நேரம். தெற்குப் பகுதியில் 60-ம் எண் நெடுஞ்சாலை 56 கி.மீ. தூரம் குறுக்கே போகிறது. மற்றபடி உட்புறத்துக்குப் போக வேண்டுமானால் கால்நடை அல்லது ஓடம்.

அந்த ஓடத்தைக் 'கேனோ' என்கிறார்கள். இரண்டு முனையும் கூராக, 16, 17 அடி நீளத்தில், நம் ஊர் வள்ளத்தைப் போல இருக்கும். அந்த மண்ணின் ஆதிகுடிகள் கண்ட அற்புதம் அது. தேவதாரு இனத்து மரச் சட்டங்களின் மேல் பிர்ச் மரத்தின் பட்டையைப் போர்த்தி, மர வேரையே நூலாக்கித் தைத்து, பொருத்துகளைப் பிசினால் அடைத்துச் செய்தார்கள். ஓர் ஏரி முடிந்ததும் ஓடத்தைத் தலைக்கு மேல் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு அடுத்த ஏரிக்கு நடப்பார்கள். அப்படிச் சுமந்து கடக்கும் ஒற்றையடிப் பாதைக்குப் 'போர்ட்டேஜ்' என்று பெயர். இன்று கெவ்லார் என்னும் இழையில் செய்கிறார்கள். எடை சுமார் 20 கிலோதான். வாடகைக்குக் கிடைப்பதால் விலை கொடுத்து வாங்க வேண்டிய அவசியமே இல்லை.

மாதம் முக்கியம். மே நடுவிலிருந்து ஜூன் கடைசி வரை கறுப்பு ஈ என்று ஒன்று கடிக்கும். காதோரம், கழுத்து ஒன்றையும் விடாது. ஜூலையில் கொசு. ஏரித் தண்ணீரும் மே மாதத்தில் ஐஸ் மாதிரி இருக்கும். முதன்முதலாகப் போகிறவர்களுக்கு ஆகஸ்டின் பிற்பாதிதான் உத்தமம். பூச்சி குறைந்திருக்கும். தண்ணீர் கொஞ்சம் சூடேறியிருக்கும். ஆனால் இரவில் 10 டிகிரிக்குக் கீழே போவதும் உண்டு. கம்பளி சாக்ஸும் குல்லாவும் கட்டாயம்.

இன்னொன்று. இரவு தங்கும் இடத்துக்கு முன்கூட்டியே பணம் கட்டிப் பதிவு செய்ய வேண்டும். கோடையில் சனி, ஞாயிறு சேர்ந்த நாட்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். மாதக்கணக்கில் முன்னாலேயே பார்த்து வைப்பது நல்லது. பதிவு என்பது 'இந்த ஏரியில் இந்த இரவு' என்பதற்கு மட்டும்தான். அந்த ஏரியில் எந்த இடம் என்பது முதலில் போய்ச் சேர்கிறவர்களின் அதிர்ஷ்டம். ஆகையால் மத்தியானம் இரண்டு மணிக்குள் போய்ச் சேருகிற மாதிரி திட்டம் இருக்க வேண்டும். கரையோரம் ஆரஞ்சு நிறப் பலகை தெரிந்தால் அது தங்கும் இடம். மஞ்சள் பலகை என்றால் போர்ட்டேஜ்.

தூரக் கணக்கு

பெரியவன் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, "அம்மா, டாம் தாம்சன் ஏரி வரைக்கும் போயிடலாம்!" என்றான். அவனும் அவன் நண்பனும் போனால் போய்விடலாம்தான். நான் பேப்பரையும் பென்சிலையும் எடுத்தேன்.

மூட்டை முடிச்சோடு பழக்கமில்லாதவர்கள் துடுப்புப் போட்டால் மணிக்கு 3 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்க்காற்று வீசினால் அதுவும் இல்லை. போர்ட்டேஜ் பாதையை ஒரே நடையில் கடக்க முடியாது. ஒரு சுமையைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பி வந்து, அடுத்ததை எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஆக, வரைபடத்தில் 300 மீட்டர் என்றால் நம் காலுக்கு 900 மீட்டர்! 1 கி.மீ. பாதை என்றால் 3 கி.மீ. நடை. முதல் பயணத்தில் ஒரு நாளைக்கு 8 கி.மீ.க்கு மேல் துடுப்பு வேண்டாம். போர்ட்டேஜ் ஒன்றுக்கு மேல் வேண்டாம். அதுவும் சின்னதாக இருக்கட்டும்.

அப்படிப் பார்த்ததில் கிடைத்தது ஜோ ஏரி. நெடுஞ்சாலையில் மேற்கு வாசலிலிருந்து 14-வது கிலோமீட்டரில் கேனோ ஏரி என்னும் ஏரியின் கரை வருகிறது. அங்கேயே ஓடம் வாடகைக்குக் கிடைக்கிறது. வடக்கே ஒரு மணி, ஒன்றேகால் மணி நேரம் துடுப்புப் போட்டால் 295 மீட்டர் போர்ட்டேஜ். நல்ல அகலமான பாதை. அதைக் கடந்தால் ஜோ ஏரி. கூடாரத்தை ஒரே இடத்தில் அடித்துவிட்டு, மறுநாள் மூட்டையில்லாமல் பக்கத்து டீப்பீ ஏரிக்குப் போய் வரலாம். இரண்டு ஏரிகளும் தண்ணீராலேயே இணைந்திருக்கின்றன. தினமும் கூடாரம் பிரித்துக் கட்டுகிற அவஸ்தை கிடையாது.

வியாழக்கிழமை போய், ஞாயிற்றுக்கிழமை திரும்புவது திட்டம். ஆனால் பதிவு திங்கள் காலை வரை. என்னவர் புருவத்தை உயர்த்தினார்.

"ஒரு ராத்திரிக்கு அநாவசியமாகப் பணம் கட்டணுமா? திங்கட்கிழமை லீவ் வேற போடணும்."

"கட்டணும், போடணும். காற்று நம்மைக் கேட்டுக்கொண்டா அடிக்கும்?" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே லீவ் எழுதினார்.

தண்ணீர் பயம்

நீச்சல் தெரியாத அம்மா போகலாமா? தெரிந்துகொண்டு போவதே சிறப்பு. நான் மூன்று மாதம் முன்னால் நகராட்சி நீச்சல் குளத்தில் பெரியவர்களுக்கான வகுப்பில் சேர்ந்தேன். நீந்துகிறேன் என்று பெருமையடித்துக்கொள்ள முடியாது. ஆனால் தண்ணீரில் முகத்தை வைக்கவும், மல்லாந்து மிதக்கவும் வந்துவிட்டது. அலறாமல் இருக்க அது போதும்.

அடுத்தது லைஃப் ஜாக்கெட். ஓடத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அளவு சரியான ஒன்று இருக்க வேண்டும் என்பது கனடாவில் சட்டம். 15 மீட்டருக்குக் குறையாத மிதக்கும் கயிறு, தண்ணீர் இறைக்கும் குவளை, விசில் ஆகியவையும் ஓடத்தில் இருக்க வேண்டும். எங்கள் வீட்டுச் சட்டம் இன்னும் கடுமை. கரையை விட்டு ஓடம் நகர்ந்தால் எல்லோர் உடம்பிலும் ஜாக்கெட் இருக்க வேண்டும். பக்கிள் போட்டிருக்க வேண்டும். நீச்சல் வீரராக இருந்தாலும் சரி. குழந்தைக்குப் போட்டதும் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அளவு பெரிது. கைக்குழந்தை வைத்திருக்கும் இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை: 9 கிலோ எடை ஆகும்வரை குழந்தையைப் படகில் ஏற்ற வேண்டாம் என்பது அங்குள்ள அரசின் ஆலோசனை. ஒரு வருஷம், இரண்டு வருஷம் காத்திருங்கள். ஏரி எங்கும் ஓடிவிடாது.

குளிர்ந்த தண்ணீரைப் பற்றி அங்கே '1-10-1' என்று ஒரு பாடம் சொல்லித் தருகிறார்கள். மிகக் குளிர்ந்த நீரில் விழுந்தவருக்கு முதல் 1 நிமிடம் மூச்சு திணறும். அப்போது பதறாமல் மூச்சை நிதானப்படுத்த வேண்டும். அடுத்த 10 நிமிடம் கைகால் சொன்னபடி கேட்கும். அதற்குள் தப்பிக்க வழி பார்க்க வேண்டும். நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம் ஆகும். லைஃப் ஜாக்கெட் இருந்தால்தான் அந்த ஒரு மணி நேரம் நமக்குக் கிடைக்கும். கைகால் ஓய்ந்த பிறகு தலையைத் தண்ணீருக்கு மேலே வைத்திருப்பது அதுதான்.

பயணத்துக்கு முன்னால் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் பக்கத்திலிருந்த சின்ன ஏரியில் பழகினோம். ஆழமில்லாத கரையோரத்தில் வேண்டுமென்றே ஓடத்தைக் கவிழ்த்துப் பார்த்தோம். கவிழ்ந்தால் ஓடத்தை விட்டுவிட்டு நீந்தப் போகக் கூடாது. அதையே பற்றிக்கொண்டு இருக்க வேண்டும். ஓடத்தில் எழுந்து நிற்கக் கூடாது. அலை வந்தால் முழங்காலிட்டு உட்கார்ந்தால் ஆட்டம் குறையும். நடு ஏரியில் போகாமல் கரையை ஒட்டியே போக வேண்டும்.

ஆளுக்கு ஓர் ஓடம் என்று பிரித்துக்கொள்ளும்போதும் கணக்கு உண்டு. பின்னால் இருப்பவர்தான் திசை திருப்புகிறவர். ஆகவே பழகினவர் பின்னால். என் ஓடத்துக்கு மகன்தான் மாலுமி. "அம்மா, கையால இழுக்காதே. இடுப்பைத் திருப்பி இழு. தோள் வலிக்காது" என்று பாடம் நடத்தினான். ஒரு காலத்தில் அவனுக்கு நான் சைக்கிள் பிடித்துக்கொண்டு ஓடினேன்!

மூட்டை கட்டும் கலை

பருத்தித் துணி நமக்கெல்லாம் உயிர். ஆனால் அங்கே ஆகாது. நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். சீக்கிரம் காயும் செயற்கை இழைத் துணியும் கம்பளியும்தான் சரி. ஆளுக்கு இரண்டு செட் போதும். ஒன்று நனைவதற்கு. மற்றது கூடாரத்துக்குள் மட்டும் போட்டுக்கொள்ள. அந்த இரண்டாவது செட்டை எக்காரணம் கொண்டும் வெளியே போட்டுக்கொண்டு போகக் கூடாது. செருப்பும் அப்படியே. தண்ணீரில் நனைய ஒன்று, கரையில் உலர்ந்த பாதத்துக்கு ஒன்று. மழைக்கோட்டு தனி.

படுக்கையையும் மாற்று உடையையும் தடித்த பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, காற்றை வெளியேற்றி, முறுக்கிக் கட்டி, பிறகு முதுகுப் பைக்குள் வையுங்கள். மழையானாலும் ஓடம் கவிழ்ந்தாலும் ராத்திரி உலர்ந்த படுக்கை இருக்கும். கூடாரத்தை வீட்டுக் கூடத்திலேயே இரண்டு தடவை கட்டிப் பிரித்துப் பழகினோம். அந்த சமயம் வந்த பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன தங்கச்சி, வீட்டுக்குள்ளயே குடிபெயர்ந்திட்டியளோ?"

விஷயத்தைச் சொன்னேன். கன்னத்தில் கை வைத்தார். அவரிடம்தான் எங்கள் பயண விவரத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனோம். எந்த ஏரி, எத்தனை பேர், கார் நம்பர், கூடாரத்தின் நிறம், எப்போது திரும்புவோம், எத்தனை மணிக்குள் தகவல் இல்லையென்றால் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று எல்லாம் ஒரே தாளில். உட்புறத்தில் பல இடங்களில் செல்போன் எடுக்காது. ஆகையால் இந்தத் தாள் மிக மிக அவசியம். 'திங்கள் மாலை 6 மணி' என்று எழுதியிருந்தேன். ஞாயிறு என்று எழுதவில்லை.

காட்டுச் சமையல்

இங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. அல்கோன்குவின் உட்புறத்தில் சாப்பாட்டு டின்னும் பாட்டிலும் கொண்டுபோகக் கூடாது. குப்பையை விட்டுவிட்டு வருகிறார்கள் என்பதால் 1978 முதல் இந்தத் தடை. நமக்கு அதனால் என்ன? ஊறுகாயைப் பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்தால் போயிற்று!

பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 700 கிராம் உலர்ந்த உணவுப் பொருள் என்பது பொதுக் கணக்கு. துடுப்புப் போட்டால் பசி அகோரமாக இருக்கும். எங்களுக்கு 10 வேளைச் சாப்பாடு. உபரி நாளுக்கு 3 வேளை. ஒவ்வொரு வேளைக்கும் தனிப் பை. மேலே 'வெள்ளி காலை', 'வெள்ளி இரவு' என்று எழுதி ஒட்டினேன். உபரிப் பையில் சிவப்பு நூல்.

முதல் நாள் மத்தியானத்துக்கு வீட்டிலேயே கிளறிய புளிசாதம். அன்று ராத்திரிக்குச் சப்பாத்தியும் தக்காளித் தொக்கும். மற்ற நாட்களுக்கு:

உப்புமா: ரவையை வறுத்து, கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை மொறுமொறுவென்று தாளித்து, உப்பு, பெருங்காயம் சேர்த்துக் கலந்து ஆறவைத்துப் பையில் கட்டவும். காட்டில் ஒரு கப் கலவைக்கு இரண்டரை கப் கொதிநீர், கிளறினால் ஆயிற்று.

பொங்கல்: நாலு பேருக்கு அரிசி 250 கிராம், வறுத்த பாசிப்பருப்பு 100 கிராம். மிளகு, சீரகம் பொடித்துச் சேர்க்கவும். அரை மணி நேரம் ஊறவைத்தால் அடுப்பு எரிபொருள் மிச்சம்.

அவல்: அடுப்பே வேண்டாம். காய்ச்சி ஆறிய தண்ணீரில் நனைத்து, வெல்லமோ புளிக்காய்ச்சலோ கலந்தால் சாப்பாடு. அடைமழை பெய்தால் இதுதான் கைகொடுக்கும்.

நடுநடுவே கொறிக்கப் பொரிவிளங்காய் உருண்டை, வேர்க்கடலை, உலர்திராட்சை. காலையில் பால் பவுடர் காபி.

விறகை நம்பி மட்டும் போகாதீர்கள். காய்ந்த கோடையில் தீ மூட்டத் தடை போட்டுவிடுவார்கள். சின்ன கேஸ் அடுப்பு ஒன்று கையில் வேண்டும். தீ மூட்டலாம் என்றால் தரையில் விழுந்து காய்ந்த குச்சிகளை மட்டும் பொறுக்கலாம். பச்சை மரத்தை ஒடிக்கக் கூடாது. பாத்திரம் கழுவுவதும் குளிப்பதும் சோப்போடு என்றால், தண்ணீரைக் கொண்டுபோய் ஏரியிலிருந்து 60 மீட்டர் தள்ளிச் செய்ய வேண்டும். 'இயற்கை சோப்பு' என்று எழுதியிருந்தாலும் ஏரிக்குள் கூடாது.

குடிநீரும் கரடியும்

ஏரித் தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும். அப்படியே அள்ளிக் குடித்துவிடாதீர்கள். ஜியார்டியா என்னும் கண்ணுக்குத் தெரியாத கிருமி அதில் இருக்கலாம். குடித்தால் ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்துக்கூட வயிற்றுப்போக்கு வரும். தளபுளவென்று முழுசாக ஒரு நிமிடம் கொதிக்கவிட்டால் போதும். நாங்கள் ராத்திரியே காய்ச்சி மறுநாளைக்கு நிரப்பி வைத்தோம். பல் தேய்க்கவும் அதே தண்ணீர்தான்.

அங்கே கறுப்புக் கரடி உண்டு. அது நம்மைத் தேடி வராது. நம் சாப்பாட்டைத் தேடித்தான் வரும். அதனால் சாப்பாட்டுப் பை முழுவதையும் ராத்திரி மரக்கிளையில் கயிறு போட்டுத் தொங்கவிட வேண்டும். தரையிலிருந்து குறைந்தது 4 மீட்டர் உயரம். அடிமரத்திலிருந்து 2 மீட்டருக்கு மேல் தள்ளி. பற்பசை, சோப்பு, முகப்பூச்சு, குழந்தையின் மிட்டாய் எல்லாம் அதே பையில்தான். கூடாரத்துக்குள் ஒரு பிஸ்கட் துண்டு கூடாது. நம் பெருங்காய வாசனையைக் கேட்க வேண்டுமா? அதற்கு மூன்று உறை போட்டேன்! கரடியைக் கண்டால் ஓடக் கூடாது. முகத்தைப் பார்த்தபடியே, சத்தமாகப் பேசிக்கொண்டு மெல்லப் பின்வாங்க வேண்டும். நாங்கள் பார்த்தது கரடியை அல்ல. தூரத்துச் சதுப்பில் தண்ணீரில் நின்று தழை தின்றுகொண்டிருந்த மூஸ் என்னும் பெரிய மானைத்தான்.

நமக்கென்று சில விஷயங்கள்

கழிப்பறை எப்படி என்றுதானே முதலில் கேட்பீர்கள்? தங்கும் இடத்துக்குப் பின்னால், காட்டுக்குள் கொஞ்ச தூரம் போனால், குழிக்கு மேல் மூடி போட்ட மரப்பெட்டி ஒன்று இருக்கும். சுவரோ கூரையோ கிடையாது. ஒருவர் போனால் பாதை முனையில் ஒரு துண்டைத் தொங்கவிடுவது எங்கள் குடும்ப ஏற்பாடு. சின்னவளுக்கு முதல் நாள் கூச்சம். இரண்டாம் நாள், "ஆகாசம் தெரியற பாத்ரூம்!" என்று சிரித்தாள்.

மாதவிலக்கு நாளாக இருந்தாலும் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. தேதி இல்லாவிட்டாலும் ஒரு சுழற்சிக்கு வேண்டியதை எடுத்துச் செல்லுங்கள். அலைச்சலில் முன்பின் ஆகலாம். உபயோகித்ததைக் குழியில் போடாமல், இரட்டைப் பையில் இறுகக் கட்டி, சாப்பாட்டுப் பையோடு தொங்கவிட்டுத் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும். பெரிய மனுஷியாகும் வயதில் மகள் இருந்தால் அவளுக்கும் சொல்லி, அவள் பையிலும் வைத்துவிடுங்கள்.

மருந்துப் பையில் காய்ச்சல் மாத்திரை, அலர்ஜி மாத்திரை, உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட், பேண்டேஜ், கொப்புளத்துக்கு ஒட்டும் பட்டை, சாமணம், வீட்டார் வழக்கமாகச் சாப்பிடும் மருந்து இரண்டு நாள் அதிகமாக. தினமும் இரவில் குழந்தைகளின் கழுத்து, அக்குள், முழங்காலின் பின்பக்கம் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஒருவகை உண்ணியால் லைம் நோய் வரும். சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுக்க வேண்டும். நனைந்து நடுங்குபவர் பேச்சுக் குழறினாலோ, தடுமாறினாலோ உடனே ஈரத்துணியைக் களைந்து, உலர்ந்த உடை போர்த்தி, விழுங்கும் நிலையில் இருந்தால் இனிப்பாகச் சூடான பானம் கொடுங்கள். இடி கேட்டால் உடனே கரையேற வேண்டும். கடைசி இடியிலிருந்து 30 நிமிடம் கழியும்வரை தண்ணீரில் இறங்கக் கூடாது.

காற்று அடித்த ஞாயிற்றுக்கிழமை

வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் கண்ணாடி மாதிரி ஏரி. லூன் என்னும் நீர்ப்பறவை ராத்திரியில் கூவுவதைக் கேட்டு முதலில் பயந்தோம். பிறகு அது எப்போது கூவும் என்று காத்திருந்தோம். டெலிவிஷன் இல்லை, போன் இல்லை. என்னவரும் மகனும் அத்தனை நேரம் சேர்ந்து உட்கார்ந்து பேசி நான் பார்த்தது அங்கேதான்.

ஞாயிறு விடியும்போதே காற்று. ஏழு மணிக்கெல்லாம் ஏரி முழுக்க வெள்ளை நுரை கட்டிய அலை. தெற்கிலிருந்து, நாங்கள் போக வேண்டிய திசையிலிருந்து நேராக வீசியது. மகன் கரையில் நின்று பார்த்தான்.

"கரையோரமாவே போயிட்டா...?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. என்னவர்தான் சொன்னார்: "இந்த ஏரியைக்கூடத் தாண்டிடலாம்டா. அதுக்கப்புறம் கேனோ ஏரி இருக்கே, அது இன்னும் பெரிசு. அவசரம் என்ன? நாளைக்கு லீவ்தானே!" லீவ் எழுதும்போது முணுமுணுத்தவர் அவர்தான்!

கேனோ ஏரியின் பெயரைச் சொன்னதும் எனக்கு டாம் தாம்சன் ஞாபகம் வந்தது. கனடாவின் பெரிய ஓவியர். இந்தக் காட்டை வரைந்தே புகழ் பெற்றவர். ஓடம் விடுவதில் நல்ல பழக்கம் உள்ளவர். 1917 ஜூலையில் அதே ஏரியில்தான் இறந்து கிடந்தார். தண்ணீரில் மூழ்கி இறந்ததாகத் தீர்ப்பானது. எப்படி நேர்ந்தது என்று இன்றும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். 1930-ல் நண்பர்கள் எழுப்பிய கல் நினைவுச் சின்னம் அந்தக் கரையில் இருக்கிறது. வரும்போது அதைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தோம்.

பத்து மணி இருக்கும். பக்கத்து இடத்திலிருந்து இரண்டு இளைஞர்கள் ஓடத்தை இறக்கினார்கள். நூறு மீட்டர் போவதற்குள் அலை பக்கவாட்டில் அடித்து, முனை திரும்பி, எப்படியோ எங்கள் கரையில் வந்து ஒதுங்கினார்கள். தொப்பலாக நனைந்திருந்தார்கள். ஒரு பிள்ளையின் உதடு நீலமாக நடுங்கியது. மாலையில் வேலைக்குப் போக வேண்டுமாம். சாப்பாடும் காலையோடு தீர்ந்துவிட்டதாம். உடை மாற்றச் சொல்லி, சூடாகச் சர்க்கரை தூக்கலான டீ கொடுத்தேன். சிவப்பு நூல் கட்டிய பையைப் பிரித்தேன். ஆறு பேருக்கு உப்புமா. காரம் தாங்காமல் கண்ணில் தண்ணீர் வர, இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள்! அவர்களுக்கும் ஒரு தாய் எங்கோ கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதானே இருப்பாள்?

சாயந்திரம் ஆறு மணிக்குக் காற்று இறங்கியது. அவர்கள் கையசைத்துவிட்டுப் போனார்கள். இருட்டுவதற்குள் கரை சேர அவர்கள் கைக்குப் பலம் உண்டு. எங்களுக்கு அது போதாது என்று நாங்கள் தங்கிவிட்டோம். திங்கள் காலை ஏழு மணிக்கு ஏரியில் சுருக்கம்கூட இல்லை. காற்று பெரும்பாலும் பகல் ஏற ஏறத்தான் வலுக்கும். அதனால் கடக்க வேண்டிய ஏரியைக் காலையிலேயே கடந்துவிடுவது நல்லது. பத்தரை மணிக்குக் கார் அருகே நின்றோம். சிக்னல் கிடைத்ததும் அக்காவுக்குப் போன் செய்தேன். "ஆறு மணி எண்டு எழுதியிருந்தபடியால நான் பயப்பிடேல்லை" என்றார்.

நீங்களும் போகலாமா?

கனடாவில் பிள்ளைகள் இருந்து, நீங்கள் கோடையில் போய்த் தங்குவதாக இருந்தால், அவர்களிடம் தாராளமாகக் கேளுங்கள். எடுத்த எடுப்பில் நாலு நாள் வேண்டாம். முதலில் ஒரு பகல் மட்டும் ஓடம். பிறகு கார் நிற்கும் முகாமில் ஒரு ராத்திரி கூடாரம். அதற்குப் பிறகு ஒரே ஏரியில் இரண்டு ராத்திரி. முழங்கால் வலி, தலைசுற்றல், இருதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு போவது நல்லது.

திட்டம் போடும்போது வீட்டில் யாராவது, "அந்த ஒரு நாள் எதுக்கு?" என்று கேட்பார்கள். சிரித்துக்கொண்டே பதிவு செய்துவிடுங்கள். காற்று அடிக்காவிட்டால் ஒரு நாள் ஓய்வு. ஏரிக்கரையில் காலை நீட்டி உட்கார்ந்து, சமைத்ததை யாராவது கழுவிவைக்க, நிதானமாக ஒரு காபி குடிக்கலாம். அந்த சனிக்கிழமை எனக்கு அப்படித்தான் போயிற்று. இந்த வருஷமும் ஆகஸ்டுக்குப் பதிவு செய்தாயிற்று. அதே ஏரி, அதே நாலு ராத்திரி. நீச்சல் வகுப்பில் இப்போது நான் இரண்டாம் நிலை!